தாய்க்கரடியை மறந்த கணக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குக் கோடியில் உள்ள புளோரிடா மாநிலம், பத்தாண்டு இடைவெளிக்குப் பின் கருங்கரடி வேட்டையை மீண்டும் அனுமதித்துள்ளது. மாநிலத்தின் மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் அதற்கு ஒப்புதல் அளித்தது. டிசம்பர் 6 முதல் 28 வரை வேட்டைப் பருவம் என்றும், நான்கு மண்டலங்களுக்குமாக 187 உரிமச் சீட்டுகள் என்றும் வரையறுக்கப்பட்டது. குலுக்கலுக்கு வந்த விண்ணப்பங்களோ 1,60,000-ஐத் தாண்டின. அவற்றை அனுப்பியோர் அனைவரும் துப்பாக்கி ஏந்தும் விருப்பினர் அல்லர். சீட்டைப் பெற்றுப் பயன்படுத்தாமலே வைத்திருந்தால் ஒரு கரடியாவது பிழைக்கும் என்று கருதிய காட்டுயிர் ஆர்வலரும் அவர்களுள் பலர்.

இந்த விலங்கின்பால் அம்மாநில மக்களின் உள்ளம் எத்துணைப் பிளவுபட்டுள்ளது என்பதற்கு வேறு சான்று வேண்டா. கரடிகள் பெருகிவிட்டன, குறைத்தே ஆகவேண்டும் என்பது ஒரு தரப்பு. அழிவின் விளிம்பிலிருந்து மீண்ட உயிரை மீண்டும் சுடுவதா என்பது மறுதரப்பு. வேட்டையின் அறம் பற்றிய அந்த வழக்கு நெடியது. ஒரு பருவத்தில் தீர்ந்துபோகாது. ஆனால் வேட்டை நடக்கும் என்று அரசு முடிவெடுத்துவிட்ட நிலத்தில் உடனே விடை காணவேண்டிய வினா ஒன்று உண்டு. ஓராண்டில் எத்தனை தாய்க்கரடிகள் மடியலாம்? கருங்கரடி இனத்தின் ஏற்றமும் இறக்கமும் இவ்வினாவினுள் அடங்கியுள்ளன. தாய்க்கரடிகளைத் தனியே எண்ணாமல் வகுக்கப்படும் எந்த ஒதுக்கீடும் அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது என்பது நமது உறுதியான கருத்து.

இதனை உணரக் கருங்கரடி ஈனும் முறையை அறிதல் வேண்டும். கோடையில் இணைசேரும் பெண் கரடியின் உடலில் கரு உடனே வேரூன்றுவதில்லை. சிறு அணுத்திரளாகக் கருப்பையில் மிதந்தபடி அது இலையுதிர்காலத்தின் இறுதிவரை காத்திருக்கும். அதற்குள் தாய் போதிய கொழுப்பைச் சேர்த்திருந்தால் கரு பதியும், சேர்க்கவில்லையெனில் அழிந்துபோகும். பதிந்த பின் ஏறத்தாழ இரண்டு திங்களில், சனவரியிலோ பிப்ரவரியிலோ, குளிர்கால முழையினுள் குட்டிகள் பிறக்கின்றன. கண் திறவாத அக்குட்டி ஒவ்வொன்றின் எடையும் முந்நூறு கிராம் அளவே. முழையில் கிடக்கும் தாய் உண்பதில்லை, நீர் பருகுவதில்லை. காட்டில் தின்று சேர்த்த கொழுப்பையே பாலாக்கி ஊட்டி, இளவேனிலில் குட்டிகளோடு வெளியே வருகிறது. ஆக, ஒரு காட்டில் அடுத்த ஆண்டு எத்தனை குட்டிகள் பிறக்கும் என்பதை அக்காட்டின் இவ்வாண்டு விளைச்சலே முடிவு செய்கிறது.

ஓர் ஈற்றில் இரண்டு அல்லது மூன்று குட்டிகள் என்பது பொது வழக்கு. தலையீற்றில் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஓக் மரக் கொட்டைகளும் சோளக் கொல்லைகளும் மலிந்த பென்சில்வேனியாவில் சராசரி மூன்று. நான்கும் ஐந்தும் பிறப்பதும் உண்டு. புளோரிடாவில் இரண்டை ஒட்டியே அமையும். குட்டிகள் ஒன்றரை ஆண்டு தாயைப் பின்தொடர்ந்து, இரண்டாம் குளிர்காலத்தையும் அதன் அணைப்பிலேயே கழிக்கின்றன. ஆதலால் ஒரு தாய் ஈராண்டுக்கு ஒருமுறையே ஈனுகிறது. வளம் மிக்க கிழக்குக் காடுகளில் மூன்று, நான்கு வயதில் முதல் ஈற்று வாய்க்கும். உணவு அருகிய வடபுலங்களில் அதற்கு ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஓக் மரங்கள் காய்க்காது பொய்த்த ஆண்டுகளில் முழுப் பகுதியொன்றிலும் பெண் கரடிகள் ஈனாமலே போவதை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

இவற்றை ஒரு கணக்காக விரித்துப் பார்ப்போம். விளக்கத்துக்காக, நூறு தாய்க்கரடிகள் வாழும் காடு ஒன்றை எடுத்துக்கொள்க. ஈராண்டுக்கு ஒருமுறை என்பதால் ஆண்டுதோறும் ஐம்பது ஈனும். ஈற்றுக்கு இரண்டு எனில் நூறு குட்டிகள். அவற்றுள் பாதி பெண். பசி, நோய், ஆண் கரடிகளின் தாக்குதல், சாலை விபத்து ஆகியவற்றுக்குத் தப்பிப் பாதி மட்டுமே தாய்மைப் பருவத்தை எய்தும் எனக் கொண்டால், ஆண்டுக்கு இருபத்தைந்து புதிய தாய்கள் சேரும். அக்காட்டில் ஆண்டுக்குப் பத்துத் தாய்கள் மடிந்தால் இனம் பெருகும். இருபத்தைந்து மடிந்தால் நிலைபெறும். முப்பத்தைந்து மடிந்தால் தேயும். ஆனால் ஈற்றுக்கு மூன்று குட்டிகள் பிறக்கும் காட்டில், புதிதாய்ச் சேரும் தாய்கள் முப்பத்தேழு. அதே முப்பத்தைந்து இறப்பை அந்தக் காடு தாங்கி நிற்கும்.

ஒரு குட்டி கூடுவதும் குறைவதும் ஒரு காட்டின் எதிர்காலத்தையே புரட்டிப்போடுவதை இக்கணக்கு காட்டுகிறது. ஒரு மாநிலத்துக்குப் பொருந்திய வேட்டை அளவு அடுத்த மாநிலத்துக்கு நஞ்சாகலாம் என்பதும் இதனால் விளங்கும். ஆண் கரடி ஒன்று பல பெண் கரடிகளோடு இணைசேர்வதால், சில ஆண்கள் குறைவதால் பிறப்பு அவ்வளவாகக் குறைவதில்லை. பெண் கரடி ஒன்று விழுந்தால் அதன் வருங்கால ஈற்றுகள் அனைத்தும் உடன் விழுகின்றன. வட்டியை எடுத்துச் செலவிடுவோன் முதலைத் தொடலாகாது. கருங்கரடியைப் பொறுத்தவரை தாயே முதல்.

புளோரிடா இந்த முதலை ஒருமுறை ஏறத்தாழ இழந்தே விட்டது. 1970-களில் அங்கே எஞ்சியிருந்த கரடிகள் சில நூறு மட்டுமே. 1974இல் மாநிலம் கருங்கரடியை அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. 1994இல் வேட்டை முற்றிலும் நிறுத்தப்பட்டது. காப்பின் பயனாக எண்ணிக்கை மெல்ல மீண்டது. 2012இல் அப்பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 4,000 கரடிகள் உள்ளன என்பது அரசின் கணிப்பு. இரண்டு தலைமுறை மக்களின் பொறுமையும் வரிப்பணமும் சேர்ந்து ஈட்டிய மீட்சி அது.

மீட்சிக்கு மூன்றே ஆண்டுகள் கழித்து, 2015 அக்டோபரில் வேட்டை திறக்கப்பட்டது. விண்ணப்பித்தவர்க்கெல்லாம் உரிமம் என்ற முறையில் 3,778 உரிமங்கள் விற்கப்பட்டன. மொத்த இலக்கோ 320 கரடிகள். ஒரு வாரம் நீளக்கூடும் என எண்ணப்பட்ட வேட்டை இரண்டே நாளில் நிறுத்தப்பட்டது. அதற்குள் 304 கரடிகள் வீழ்ந்திருந்தன. கிழக்குப் பான்ஹேண்டில் மண்டலத்தில் 40 என்று வகுத்த வரம்பு முதல் நாளிலேயே மீறப்பட்டது. வீழ்ந்தவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை பெண் கரடிகள். அவற்றுள் 36 பால் சுரந்துகொண்டிருந்தவை. குட்டியோடு இருக்கும் கரடியைச் சுடலாகாது, நூறு பவுண்டுக்குக் குறைந்ததைச் சுடலாகாது என்ற விதிகள் அப்போதும் ஏட்டில் இருந்தன. ஆனால் ஆபத்தை உணர்ந்த தாய் குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டுத் தான் கீழே நிற்கும். அடர்ந்த புதரிடையே அதனைக் காண்பவனுக்குக் குட்டிகள் தென்படா. தொலைவிலிருந்து ஆண் பெண் வேறுபாடும் தெரியாது. விதியை மீற நினையாதவன் கையாலும் தாய் சாகும்.

அவ்வயதுக் குட்டிகள் தாயின்றியும் பிழைக்கக்கூடும் என்று அந்நாளில் அதிகாரிகள் விடையிறுத்தனர். பத்துத் திங்கள் நிரம்பிய குட்டிக்கு அந்த ஆற்றல் உண்டு என்பது மெய்யே. ஆயினும் பிழைக்கக்கூடும் என்பது வேறு. பிழைத்தன என்பது வேறு. முதல் குளிர்காலத்தில் எங்கே முழை அமைப்பது, எந்தப் பருவத்தில் எந்தக் காய் எங்கே கனியும், மனிதரை விட்டு எவ்வளவு தொலைவில் நிற்பது என்பவற்றைத் தாயே கற்பிக்கிறது. அக்கல்வியை இழந்த குட்டி, எளிதில் கிடைக்கும் உணவான குப்பைத் தொட்டியை நாடிவருமாயின், எந்தத் தொல்லையைக் குறைக்க வேட்டை என்றனரோ அத்தொல்லையே பெருகும்.

வேட்டையும் காப்பும் ஒருசேர நடக்க இயலாதா என்று கேட்போர்க்குப் பென்சில்வேனியா விடை தருகிறது. அங்கும் 1970-களில் கரடிகள் நான்காயிரம் அளவுக்குக் குன்றியிருந்தன. 1970, 1977, 1978 ஆகிய ஆண்டுகளில் அம்மாநிலம் வேட்டையை அறவே மூடியது. கேரி ஆல்ட் என்ற உயிரியலாளர் முழைகளைத் தேடிச் சென்று தாய்களையும் குட்டிகளையும் எண்ணினார். அநாதையான குட்டிகளை வேறு தாயின் முழையில் சேர்த்தார். மணவேறுபாட்டைத் தாய் உணராதிருக்க விக்ஸ் தைலத்தைப் பயன்படுத்தினார். சுடப்பட்ட ஒவ்வொரு கரடியையும் சோதனை நிலையத்துக்குக் கொண்டுவருதல் அங்கே கட்டாயம். பாலினம், எடை, காதில் இட்ட குறி ஆகியன பதிவாகின்றன. பல்லொன்றை எடுத்து வயது காண்கின்றனர். தொன்றுதொட்டு அங்கே முதன்மை வேட்டைப் பருவம் நவம்பர் இறுதியில் வருவது. கருவுற்ற கரடிகள் ஏனையவற்றுக்கு முன்னரே முழை புகுவதால் அவற்றுள் பல துப்பாக்கிக்குத் தப்புகின்றன. 2019இல் மட்டும் 4,653 கரடிகள் வேட்டையாடப்பட்ட அம்மாநிலத்தில் இன்றும் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட கரடிகள் வாழ்கின்றன. ஈற்றுக்கு மூன்று குட்டி என்ற வளமும், தாயை அறிந்து வகுத்த நெறியும் இணைந்ததன் விளைவு இது. நெறியை விட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள எந்த மாநிலத்துக்கும் உரிமை இல்லை.

அண்டை மாநிலமான நியூ ஜெர்சி வேறொரு பாடம் புகட்டுகிறது. 1971இல் அங்கே வேட்டை நிறுத்தப்பட்டபோது, வடமேற்கு மலைத்தொடரில் நூற்றுக்கும் குறைவான கரடிகளே இருந்தன எனக் கணிக்கப்பட்டது. இன்று அம்மாநிலத்தின் 21 மாவட்டங்களிலும் கரடி காணப்படுகிறது. 2003இல் வேட்டை திறந்தது, அடுத்த ஆண்டு மூடியது, 2005இல் மீண்டும் திறந்தது, 2006இல் மூடியது. 2010இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்தது. ஆளுநர் பில் மர்பி 2018இல் மாநில நிலங்களில் தடை விதித்தார். 2020-க்குப் பின் வேட்டையே நின்றது. 2022இல் முறையீடுகள் இருமடங்குக்கு மேல் உயர்ந்தன என்று கூறி அவரே மீண்டும் அனுமதித்தார். ஈராண்டுக்கு ஒருமுறை ஈனும் உயிரின் வாழ்வைத் தேர்தல் வாக்குறுதிகளின் போக்கில் திறப்பதும் மூடுவதும் ஆட்சி ஆகாது. நெடுங்காலக் கணக்கு வேண்டிய இடத்தில் குறுங்கால மனநிலை ஆள்வதன் கேட்டை அங்கே காண்கிறோம்.

மக்களின் அச்சத்தை நாம் சிறிதும் இகழவில்லை. நியூ ஜெர்சியில் 2014இல் ஒரு கல்லூரி மாணவரும், புளோரிடாவில் 2025 மே திங்களில் ஒரு முதியவரும் கருங்கரடியின் தாக்குதலுக்கு இரையாயினர். இரு மாநிலங்களின் பதிவேட்டிலும் அத்தகைய முதல் இறப்புகள் அவை. மனித உயிரின் முன் வேறெதுவும் நிற்காது. மனிதரைத் தாக்கிய கரடியை அகற்றுவது அரசின் கடமை. ஆனால் காட்டின் நடுவே யாருக்கும் தீங்கு நினையாது ஓக் கொட்டை பொறுக்கும் கரடியைச் சுடுவதால், ஊர்ப்புறத்துக் குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும் கரடி குறைவதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்த ஆய்வு, கரடி மோதல்கள் காட்டு உணவின் விளைச்சலோடு ஏறி இறங்கினவேயன்றி வேட்டையின் அளவோடு இறங்கவில்லை என்று காட்டியது. கொலராடோவின் டுராங்கோ நகரில், கரடியால் திறக்கவியலாத தொட்டிகளை ஆயிரத்துக்கு மேல் வழங்கிப் பார்த்தபோது, அப்பகுதிகளில் குப்பை சார்ந்த மோதல்கள் பாதிக்கும் கீழே இறங்கின. ஊருக்குள் வரும் கரடியைத் தடுக்கும் முதற்கருவி பூட்டுள்ள தொட்டியே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

புளோரிடாவின் 2025ஆம் ஆண்டு விதிகளில் பாராட்டத்தக்கன உள்ளன என்பதை மறைத்தல் முறையன்று. வரம்பற்ற உரிமம் ஒழிந்தது. ஒரு சீட்டுக்கு ஒரு கரடி என்பதால் இலக்கை மீறும் கேடு நீங்கியது. அக்டோபரை விட்டு டிசம்பருக்குப் பருவத்தை மாற்றியதால் கருவுற்ற கரடிகள் பல முழைக்குள் இருக்கும். இவை 2015இன் துயரம் கற்பித்தவை. ஆயினும் குறைகள் பெரியன. 4,000 என்ற தொகை 2014, 2015 ஆண்டுகளில் திரட்டிய தரவுகளின் மேல் நிற்கிறது. முட்கம்பியில் சிக்கிய மயிரிலிருந்து மரபணுவைப் பிரித்துக் கரடிகளை எண்ணும் சிறந்த முறை கையில் இருந்தும், மாநிலம் முழுமைக்குமான புதிய எண்ணிக்கை முடியுமுன் சுடும் எண்ணிக்கை குறிக்கப்பட்டது. தனியார் நிலங்களில் விலங்குகளுக்குத் தீனி வைக்கும் இடங்களின் அருகே கரடியைச் சுடவும் விதி இடந்தந்துள்ளது. கரடிக்கு உணவிடுதல் குற்றம் என்று குடிமக்களுக்கு உரைக்கும் அரசு, உணவின் அருகே நின்று சுடலாம் என்று வேட்டைக்காரருக்கு உரைப்பது முரண். வருங்காலத்தில் நாய்களைக் கொண்டு துரத்தவும் வழி திறந்திருப்பது அதனினும் கவலைக்குரியது. நாய்க்கூட்டம் துரத்தும்போது தாயும் குட்டிகளும் பிரிந்துபோகக்கூடும்.

துப்பாக்கி மட்டுமே கூற்றுவன் அன்று. அம்மாநிலத்தில் ஆண்டுதோறும் இருநூறுக்கு மேற்பட்ட கரடிகள் வாகனங்களில் அடிபட்டு மடிகின்றன. வெகைவா காட்டை ஊடறுக்கும் 46ஆம் மாநிலச் சாலையின் கீழே 1994இல் அமைத்த விலங்குப் பாதை, கரடிகள் உயிரோடு கடக்க வழி உண்டு என்பதைக் காட்டியது. சா பால்மெட்டோ என்னும் குட்டைப் பனையின் பழம் கரடியின் இலையுதிர்கால உணவு; அதனை மருந்துச் சரக்காக விற்க மூட்டை மூட்டையாகப் பறித்ததால் காடு வறண்டது. 2015இல் மாநிலக் காடுகளில் அப்பழம் பறிக்க அனுமதி நிறுத்தப்பட்டது நற்செயல். கொழுப்பில்லாத தாய் ஈனாது என்பதை நினைவில் கொண்டால், பழத்தைக் காப்பதே குட்டியைக் காப்பது என விளங்கும். மாநிலத்தின் கரடிகள் ஏழு தனித்தனிக் கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கின்றன. சசஹோவிட்ஸ்கா போன்ற சிறு கூட்டத்தில் ஒரு தாயின் இழப்பே பெரும் இழப்பு. மாநிலத்துக்கு ஒரே தொகை கூறி மனநிறைவு கொள்வோர் இச்சிறு கூட்டங்களை மறக்கலாகாது.

இவற்றை எண்ணியே சில நெறிகளை வற்புறுத்துகிறோம். ஒவ்வொரு மண்டலத்திலும் வேட்டை, சாலை, தொல்லைக் கரடி நீக்கம் ஆகிய அனைத்தாலும் மடியும் பெண் கரடிகளுக்கென ஒரே உச்சவரம்பு வகுக்கப்பட வேண்டும். அவ்வரம்பை எட்டிய நாளில், சீட்டுகள் எஞ்சியிருப்பினும் அம்மண்டலத்தில் வேட்டை நிற்க வேண்டும். சுடப்பட்ட ஒவ்வொரு கரடியின் பாலினமும் வயதும் பால் சுரப்பு நிலையும் பதிவாகி, பருவம் முடிந்தவுடன் மக்கள் முன் வெளியிடப்பட வேண்டும். ஓக் கொட்டையும் பனம்பழமும் பொய்த்த ஆண்டில் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு தானே குறைய வேண்டும். தீனியிட்ட இடத்தில் சுடுதலும் நாய்விட்டுத் துரத்துதலும் கைவிடப்பட வேண்டும். புதிய எண்ணிக்கை முடியும்வரை ஒதுக்கீட்டை உயர்த்தலாகாது. உரிமக் கட்டணத்தில் ஈட்டிய பணம் பூட்டுள்ள குப்பைத் தொட்டிகளுக்கும் சாலையடிப் பாதைகளுக்கும் முதலில் செல்ல வேண்டும்.

இவை எட்டாக்கனிகள் அல்ல. லூசியானா மாநிலம் தன் கரடியினத்தை 1992இல் கூட்டாட்சிக் காப்புப் பட்டியலில் கண்டது. 2016இல் அது நீங்கியபின்னும் எட்டு ஆண்டுகள் பொறுத்து, 2024இல் கைவிரல்விட்டு எண்ணத்தக்க சீட்டுகளோடு மட்டுமே வேட்டையைத் தொடங்கியது. அளவறிந்து தொடங்க ஓர் அரசால் இயலும் என்பதற்கு அது சான்று.

காட்டுயிர் மேலாண்மை என்ற சொல்லுக்குப் பொருள், இன்று எத்தனை சுடலாம் என்று குறிப்பதன்று. பத்தாண்டு கழித்து எத்தனை தாய்க்கரடிகள் முழையில் ஈன்றுகொண்டிருக்கும் என்பதற்குப் பொறுப்பேற்பது. புளோரிடா ஆணையம் அடுத்த வேட்டைப் பருவத்தை அறிவிக்குமுன், ஒவ்வொரு மண்டலத்திலும் எத்தனை தாய்க்கரடிகள் உள்ளன, ஆண்டுக்கு எத்தனை மடிகின்றன, எத்தனை புதிதாய்ச் சேர்கின்றன என்ற மூன்று எண்களை நாட்டின் முன் வைக்கட்டும். அவற்றை வைக்க இயலும்வரை அடுத்த பருவத்துக்கு ஒரு சீட்டும் வழங்காதிருக்கட்டும்.